தாசனைப் பார்க்க வந்தவர்கள்

என் இடது காலைப் பற்றி யாராவது கேட்டால் உற்சாகமாகவே சொல்லுவேன். ஒரு கையில் குடையும் மறு கையில் சைக்கிளுமாகப் போன அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கர் ஒருவர் ஓமந்தைப் பக்கத்து மதகில் எப்படி உருண்டார், வாய்க்காலுக்குள் கிடந்தபடியே குடையை மட்டும் நனையாமல் எப்படித் தூக்கிப் பிடித்திருந்தார் என்றெல்லாம் சொல்லி, கேட்கிறவர்களைச் சிரிக்க வைப்பேன். கால் பொருந்திவிட்டது. மாரி தொடங்கினால் கொஞ்சம் குத்தும், அவ்வளவுதான்.

ஆனால் அந்த ஆசுபத்திரி நாட்களில் என் கால் சின்னச் சங்கதி. பெரிய சங்கதியை நான் ஒருவருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. என் மனைவி பவளத்துக்குத் தெரியும்; அவள் பக்கத்தில் நின்றவள். எழுதினால் மனப்பாரம் கொஞ்சம் இறங்குமோ என்று பார்க்கிறேன்.

பஸ்களை அரசாங்கம் எடுப்பதற்கு முந்திய காலம். வவுனியா ஆசுபத்திரியில், ஆண்கள் வாட்டின் கடைசிக் கட்டில் எனக்கு. பாதத்திலிருந்து தொடைவரை பிளாஸ்டர். முறிந்த எலும்பு அசையாமல் இருந்தால் தானே ஒட்டிக்கொள்ளும் என்பதுதான் அந்த வைத்தியத்தின் முழு இரகசியமும். என் மாமிக்கு அதில் நம்பிக்கை இல்லை. "ஊரிலை முறிவு வைத்தியர் இருக்க, சுண்ணாம்பு பூசுற டாக்குத்தரிட்டைப் போன ஆள் என்ரை மருமோன் ஒருத்தர்தான்" என்று வாட்டு முழுக்கக் கேட்கச் சொன்னார். சொன்னவர்தான் அடுத்த நாள் முருங்கையிலைச் சொதியோடு வந்து, எலும்புக்கு நல்லது என்று கடைசித் துளிவரை குடிக்க வைத்தார். பவளம் தினமும் மத்தியானம் சாப்பாட்டுக் கரியரோடு வெயிலில் நடந்து வருவாள். நான் பொல்லாத நோயாளி. சோறு ஆறிப்போனதற்கும் அவளைத்தான் ஏசினேன்.

மூன்றாம் கிழமை, ஊன்றுகோலுடன் நாலடி நடக்கப் பழகியிருந்தபோதுதான் தாசனைக் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்தவர் அவன் வேலை செய்த பஸ்ஸின் டிரைவர் கந்தையா அண்ணை. பிள்ளையைத் தூக்குவதுபோல இரண்டு கைகளிலும் தூக்கி வந்தார். தாசனின் முதுகு நிமிர்ந்து விறைத்திருந்தது. என்னைக் கண்டதும் அவன் முகம் சிரித்தது. பிறகுதான் தெரிந்தது, அது சிரிப்பல்ல. தாடை இறுகி, உதடுகள் தாமாகவே இழுபட்டிருந்தன.

மரியதாஸ் என்பது அவன் முழுப்பெயர். முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவன். முள்ளியவளையில் நாங்கள் ஒரே வகுப்பில் படித்தோம். நான் மொனிட்டர். வாத்தியார் வெளியே போனால் கதைக்கிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது என் பொறுப்பு. முதல் பெயர் எப்போதும் தாசன்தான். சில நாட்களில் அவன் வாயைத் திறக்கும் முன்பே எழுதிவிடுவேன். எப்படியும் திறப்பான் என்று தெரியும். அவன் கோபிப்பதில்லை. பழைய ஆட்கள் வாத்தியாரை அழைக்கும் பெயரை எனக்கு வைத்து, "ஓம் சட்டம்பியார், வடிவா எழுதுங்கோ, ஆமிக்கு ஆள் எடுக்கிற மாதிரி எழுதாதேங்கோ" என்பான். வகுப்பே சிரிக்கும். நான் அதையும் எழுதுவேன்.

எஸ்.எஸ்.ஸியில் அவன் தேறவில்லை. நான் தேறிக் கச்சேரியில் கிளாக்கரானேன்; அவன் முல்லைத்தீவு–வவுனியா பஸ்ஸில் கொண்டக்டர் ஆனான். வாயால் கெடுவாய் என்று வாத்தியார் சொன்ன பையன் வாயாலேயே பிழைத்தான். அந்த வழியில் வீடுகளெல்லாம் தெருவிலிருந்து கால் மைல், அரை மைல் காட்டுக்குள்ளே. பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்த நாள்தான். அதனால் ஒவ்வொரு தரிப்புக்கும் முன்பாகவே மூன்று தரம் ஹோர்ன் அடிக்க வேண்டும் என்பது தாசன் வைத்த சட்டம். ஹோர்ன் கேட்டால் சனம் வயல் வரம்பால் ஓடிவரும். ஓடிவருகிறவர் கண்ணில் பட்டால், அவர் வந்து சேரும்வரை பஸ் நிற்கும். எழுதத் தெரியாதவர்களின் கடிதங்களை எழுதிக் கொடுத்தான். ஆசுபத்திரி மருந்தை வாங்கிக்கொண்டு போய் வீட்டு வாசல் படலையில் கொடுத்தான். பஸ்ஸுக்குள் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு, ஆண்களையெல்லாம் இறக்கிவிட்டு, தன் காக்கிச் சட்டையையும் கழற்றிக் கொடுத்தவன் அவன்.

புளியங்குளத்துப் பக்கம் சேற்றில் புதைந்த பஸ்ஸை வெறுங்காலோடு இறங்கித் தள்ளியபோது கூரான கட்டையொன்று குதிகாலில் ஏறியிருக்கிறது. மாடுகள் கடக்கிற இடம் அது. சுண்ணாம்பும் புகையிலையும் வைத்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனான். பத்தாம் நாள் அளவில் வாய் திறக்கக் கஷ்டமாக இருந்ததாம். பல்லுவலி என்று நினைத்தான். கதைக்காத தாசனைக் கண்டு சனம்தான் முதலில் பயந்தது.

"ஏற்புவலி" என்றார் டொக்டர். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட இளையவர். தாசனுக்குத் தாயைத் தவிர ஒருவருமில்லை, தாயும் இன்னும் வந்து சேராததால் என்னிடமே விளக்கமாகச் சொன்னார். மண்ணிலும் சாணத்திலும் இருக்கிற ஒரு கிருமி காயத்துக்குள் போய் நஞ்சு கக்குமாம். அந்த நஞ்சு நரம்பில் ஏறினால் முதலில் தாடை பூட்டிக்கொள்ளும், பிறகு கழுத்து, பிறகு முதுகு. வெளிச்சம் பட்டாலும், சத்தம் கேட்டாலும், கை பட்டாலும் உடம்பு வில்லாக வளையும். நெஞ்சுத் தசை இறுகிப்போனால் மூச்சு நிற்கும். குதிரை இரத்தத்திலிருந்து எடுத்த மருந்து ஊசியாகக் கொடுத்தாயிற்று. நித்திரை மருந்து கொடுக்கிறோம். மூக்கால் குழாய் விட்டுப் பால் கொடுக்கிறோம். மிச்சம் இருட்டும் அமைதியும்தான்.

"பத்து நாள் தாண்டினால் தப்பலாம்" என்றார்.

"அறிவு இருக்குமோ டொக்டர்?"

"எல்லாம் விளங்கும். அதுதான் இந்த வருத்தத்திலை பாவம்."

என் தலைமாட்டுச் சுவருக்கு அப்பால் ஒரு சிறிய அறை இருந்தது. யன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி, காதுக்குப் பஞ்சு வைத்து, அதற்குள் தாசனைக் கிடத்தினார்கள். மிஸிமார் என்று கூப்பிடுகிற தாதிமார் இரண்டு பேர், வாட்டு முழுக்க நோயாளிகள். கதவடியில் யார் நிற்பது? "உமக்கு வேலையுமில்லை, படுக்கவும் விருப்பமில்லை. இதிலை இரும்" என்று டொக்டர் ஒரு கதிரையைக் கதவுக்கு முன்னே போட்டார். "ஒருத்தரையும் விடக்கூடாது. தாய் மட்டும், அதுவும் வாய் திறக்காமல். நல்ல செய்தியும் சொல்லக்கூடாது. சந்தோசமும் உடம்பை உலுக்கும்."

இப்படியொரு வேலைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் வன்னியிலேயே இல்லை. பிளாஸ்டர் காலை நீட்டி, ஊன்றுகோலை வாசலுக்குக் குறுக்கே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

தாய் திரேசம்மா அடுத்த நாள் காலை வந்தா. கரையில் கருவாடு காயவைக்கிற மனிசி, குரலும் காற்றை மீறிப் பேசிப் பழகிய குரல். நான் விளக்கிச் சொன்னேன். சேலைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டு உள்ளே போனா. அரை மணித்தியாலம் மகனின் காலடியில் நின்றுவிட்டு, வெளியே வந்துதான் தலைப்பை எடுத்தா. அது பல்லுப்பட்டுக் கிழிந்திருந்தது.

அன்று மத்தியானம்தான் அது நடந்தது. எங்கள் பக்கத்தில் நோய் வருத்தம் பார்க்கப் போகாமல் இருப்பது செத்த வீட்டுக்குப் போகாததைவிட மோசம். தாசன் படுத்திருக்கிறான் என்றதும் பஸ் நிறையச் சனம் ஏறியிருக்கிறது. கந்தையா அண்ணை ஆசுபத்திரிப் படலைக்கு வந்து, தாசனுக்குத் தெரியட்டும் என்று, அவன் வைத்த சட்டப்படியே மூன்று தரம் ஹோர்ன் அடித்தார்.

உள்ளே கட்டில் சத்தம் கேட்டுக் கதவைத் தள்ளினேன். தாசனின் தலையும் குதியும் மட்டும்தான் கட்டிலில் இருந்தன. இடையில் உடம்பு முழுவதும் மேலே எழும்பி நின்றது. திரேசம்மா என்னைத் தள்ளிக்கொண்டு வந்து, விழாமல் இரண்டு கைகளாலும் அவனை அமத்திப் பிடித்தா. நானும் பிடித்தேன். முகம் நீலமாகிவிட்டது. மிஸி ஓடிவந்து ஊசி போட்டு, உடம்பு இறங்கும்வரை நாங்கள் கையை எடுக்கவில்லை. அவன் கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

நான் ஊன்றுகோலில் துள்ளித் துள்ளிப் படலைவரை போனேன். கந்தையா அண்ணைக்கு என் தகப்பன் வயது. அத்தனை சனத்துக்கும் முன்னால் கத்தினேன்.

"உங்களுக்கு அறிவிருக்கோ? அவனைச் சாக்கொல்லுறதுக்கோ வந்தனீங்கள்? இனி உந்தச் சத்தம் இந்தப் பக்கம் கேக்கக்கூடாது!"

அவர் சீற்றிலிருந்து இறங்கி, தலைப்பாகைத் துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அடுத்த நாள் முதல் பஸ் சந்தியிலேயே நின்றது. அங்கிருந்து சனம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வந்தது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். தாசனின் யன்னலுக்கு எதிரே இருந்த மரத்தடியில் முப்பது நாற்பது பேர் ஒரு சத்தமில்லாமல் நின்றதை நான் என் கண்ணால் கண்டேன். இருமல் வந்தவர் தெருவரை ஓடிப்போய் இருமிவிட்டு வந்தார்.

ஆனால் ஒவ்வொருவரும் என்னிடம் வந்து மன்றாடினார்கள். நீராவிப்பிட்டியிலிருந்து தேன் போத்தலோடு வந்த காசிம் நானா, "நோயாளியைப் பாக்கிறது எங்களுக்குக் கடமை தம்பி. கதைக்கமாட்டன், ஒரு கண் பாத்திட்டுப் போறன்" என்றார். கனகராயன்குளத்துப் பெண் ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடு நின்றாள். "இவன் அவரின்ரை பஸ்ஸுக்குள்ளை பிறந்தவன் ஐயா. இவனையாவது அவருக்குக் காட்டுங்கோ." எங்கள் வகுப்புப் பெடியங்கள் ஐந்து பேர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தார்கள். "பள்ளிக்கூடத்திலையும் நீதான், இஞ்சையும் நீதானோ?" என்று ஒருவன் பல்லைக் கடித்தான். நான் ஊன்றுகோலை எடுக்கவில்லை.

"வந்தனாங்கள் எண்டாவது சொல்லிவிடுங்கோ" என்றார் காசிம் நானா.

அதற்கும் அனுமதி இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பவளத்திடம் ஒரு கொப்பி வாங்கி வரச் சொன்னேன். வந்தவர்களின் பெயரையும் ஊரையும் எழுதத் தொடங்கினேன். சுகமானதும் அவன் கையிலேயே கொடுக்கிறேன் என்றதும் சனத்துக்கு ஓர் ஆறுதல். வரிசையில் நின்று எழுதுவித்தார்கள். "என்ரை பேருக்குக் கீழை எருமையைப் பற்றியும் எழுதுங்கோ, அவனுக்கு விளங்கும்" என்றார் ஒட்டுசுட்டான் கிழவர் ஒருவர். எழுதினேன். பவளம் அவர்கள் கொண்டுவந்த தோடம்பழத்தையும் எருமைத் தயிரையும் வாட்டு முழுக்கப் பங்கிட்டாள். மரத்தடியில் செபமாலையோடு இருந்த திரேசம்மாவுக்குத் தன் கையால் கஞ்சி பருக்கினாள். என் மாமிகூட, தன் வாழ்நாளில் முதன்முறையாக, மெதுவாகக் கதைத்தார்.

ஐந்தாம் நாள், ஆறாம் நாள் என்று வலிப்புக் குறைந்தது. ரயில் கூவும்போது மட்டும் உடம்பு சாடையாக உதறும். டொக்டர் முகத்தில் ஒரு தெளிவு தெரிந்தது. நான் கொப்பியின் மட்டையில் தாசனின் பெயரை அழகாக எழுதி, கீழே ஒரு கோடும் இழுத்தேன்.

ஏழாம் நாள் பின்னேரம், நாலு மணி இருக்கும். மிஸி மருந்து கொடுத்துவிட்டுப் போனபின் உள்ளேயிருந்து ஒரு சத்தம். எட்டிப் பார்த்தேன். தாசன் கண்ணால் கூப்பிட்டான். கிட்டப் போனேன். தாடை அப்போதும் பூட்டித்தான் இருந்தது. பல்லுக்குள்ளாலே, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்.

"சட்டம்பியார்... அண்டைக்குப் பிறகு... ஹோர்ன் ஒண்டும்... கேக்கேல்லை. ஒருத்தரும்... வரேல்லையோ?"

கொப்பி என் கக்கத்துக்குள் இருந்தது. அந்த நேரம் மரத்தடியில் பதினெட்டுப் பேர் நின்றார்கள், செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு. நான் யன்னல் துணியை ஒரு விரற்கடை விலக்கியிருந்தால் போதும். டொக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. இன்னும் மூன்று நாள். மூன்று நாள் பொறுத்தால் எல்லாவற்றையும் உட்கார்ந்து வாசிக்கலாம், அவன் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கதை சொல்லுவான், நான் நிறுத்தவே மாட்டேன் என்று நினைத்தேன்.

"கதைக்காதை" என்றேன்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். கண்ணின் ஓரத்தால் ஒரு துளி இறங்கிக் காதுப் பஞ்சுக்குள் போனது. அதைத் துடைக்கவும் எனக்குப் பயம், கை பட்டால் வலிப்பு வரும் என்று.

அடுத்த நாள் காலை ஒன்பது மணியளவில் அவன் மூச்சு நின்றது. சத்தமுமில்லை, வெளிச்சமுமில்லை, ஒருவரும் தொடவுமில்லை. தொண்டை இறுகிவிட்டது என்றார் டொக்டர். மூச்சை மீட்க அவர் நாலு தரம் முயன்று பார்த்ததை நான் கண்டேன்; சட்டையெல்லாம் வேர்வை. கைகழுவிவிட்டு வந்தவரிடம் நான் ஒரேயொரு கேள்விதான் கேட்டேன்.

"நேற்றுப் பின்னேரம் அவனுக்கு நான் சொல்லியிருந்தால்?"

"என்னத்தை?"

சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீர் நான் சொன்னதைத்தானே செய்தனீர்" என்றார். அது பதிலல்ல என்று இருவருக்கும் தெரியும். அவர் சொன்னது சரியான வைத்தியம். நான் செய்ததும் சரி. சரியான இரண்டு பேர் சேர்ந்து, ஊரே நேசித்த ஒருவனை, தன்னை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை என்ற நினைப்போடு அனுப்பிவிட்டோம்.

பெட்டியை அவனுடைய பஸ்ஸிலேயே கொண்டுபோவதென்று தீர்மானமாயிற்று. நானும் போவேன் என்றேன். பிளாஸ்டர் காலோடு அத்தனை தூரமா என்று பவளம் தடுக்கவில்லை. தலையணை ஒன்றை எடுத்துக்கொண்டு தானும் ஏறினாள். சீற்றுகளுக்கு நடுவே பெட்டி. ஒரு பக்கம் திரேசம்மா, மறுபக்கம் நான், என் காலைப் பவளத்தின் மடியில் நீட்டியபடி.

ஓமந்தையில் தெரு இரண்டு பக்கமும் சனம் நின்றது. அப்போதும் செருப்பு கையில்தான் இருந்தது. ஒருவரும் வாய்விட்டு அழவில்லை. அழலாம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. கந்தையா அண்ணை பஸ்ஸை மெதுவாக நிறுத்தி, மெதுவாக எடுத்தார். ஹோர்னில் கை வைக்கவில்லை.

ஓமந்தை தாண்டியதும் திரேசம்மா என் கக்கத்தைப் பார்த்தா.

"தம்பி, உந்தக் கொப்பியிலை என்ன கிடக்கு?"

"வந்த ஆக்களின்ரை பேர், அம்மா."

"அவனுக்குச் சொன்னனீங்களோ?"

"இல்லை அம்மா."

அவ என்னை ஏசியிருக்கலாம். பெட்டி மூடியைத் தடவினா. பிறகு, "அப்ப வாசியுங்கோ. சத்தமா வாசியுங்கோ, மோனை. இனி ஒண்டும் செய்யாது" என்றா.

வாசித்தேன். நீராவிப்பிட்டி காசிம், மூன்று தரம் வந்தவர். கனகராயன்குளம் இராசம்மா, பிள்ளையோடு. ஒட்டுசுட்டான் வேலுப்பிள்ளை, எருமை. எங்கள் வகுப்பு ஐந்து பேர். கதைத்தவர்களின் பெயரை எழுதிப் பழகிய கை, கதைக்காமல் நின்றவர்களின் பெயரையெல்லாம் எழுதி வைத்திருந்தது. கொப்பி முடியவில்லை, என் குரல்தான் முடிந்தது. மிச்சத்தைப் பவளம் வாங்கி வாசித்தாள்.

கனகராயன்குளம் கிட்டியது. தெருவில் ஒருவரையும் காணவில்லை. தூரத்தில் வயலுக்கு அப்பால் சில பேர் நிற்பது தெரிந்தது. இன்றைக்கு பஸ் வருமோ வராதோ என்று தெரியாமல் நிற்கிறார்கள். கந்தையா அண்ணை வேகத்தைக் குறைத்து, முன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். படலையடியில் நான் கத்திய நாளுக்குப் பிறகு அவர் என்னோடு ஒரு சொல்லும் கதைத்ததில்லை.

"சட்டம்பியார்" என்றார். தாசன் சொல்லித்தான் அந்தப் பெயர் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "அடிக்கட்டோ?"

"அடியுங்கோ அண்ணை."

மூன்று தரம் அடித்தார். வயலுக்குள் சனம் ஓடிவரத் தொடங்கியது. பஸ்ஸுக்குள்ளே, முதல் சத்தம் கேட்ட அந்தக் கணத்திலேயே, திரேசம்மாவின் இரண்டு கைகளும் பாய்ந்து பெட்டியை அமத்திப் பிடித்தன. என் கைகளும் பிடித்தன. பெட்டி அசையாமல் கிடந்தது. அது அசையாது என்று விளங்கியபிறகும், ஓடிவந்த கடைசி ஆள் பஸ்ஸில் ஏறும்வரை, நாங்கள் இருவரும் கையை எடுக்கவில்லை.